டீ நேரத்துத் தாய்மார்கள்

எங்கள் யூனிட்டில் வேலை நேரத்தில் கையில் போன் இருக்கக் கூடாது. காலையில் உள்ளே நுழையும்போது வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் ட்ரேயில் போட்டுவிட வேண்டும். டீ நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். பெல் அடித்ததும் திரும்பக் கொண்டுபோய்ப் போட வேண்டும். திருப்பூரில் பல கம்பெனிகளில் உள்ள வழக்கம்தான் இது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தச் சின்ன வழக்கம் எங்களைக் காட்டிக் கொடுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

நான் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் உடுப்பை மேசையில் விரித்து, பிசிறு, ஓட்டை, கறை, அளவு எல்லாம் பார்த்துத் தள்ளுகிற வேலை. கல்யாணமாகித் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்த நாள் முதல் இதுதான். குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அதில் பொய் ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்தால்கூட, சட்டையின் தோள்பட்டைத் தையல் கோணலாக இருப்பதுதான் எனக்கு முதலில் கண்ணில் படும்.

முதலாளியம்மா மடத்துக்குளம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நாங்கள் மேடம் என்போம். அவரோ கூட்டிப் பெருக்குகிற அம்மாவையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். வெளிநாட்டு ஆர்டர் குறைந்துபோன சமயத்தில், அடுத்தவர் பெயருக்குத் தைத்துக் கொடுத்தது போதும் என்று சொந்தப் பெயரில் குழந்தை உடுப்பு போட்டு ஆன்லைனில் விற்க இறங்கினார். கழுத்திலிருந்து கால்வரை ஒரே துண்டாக வரும் ரோம்பர். டயப்பர் மாற்றத் தோதாகக் கால் இடுக்கில் வரிசையாகப் பிரஸ் பட்டன் இருக்கும்.

ஒரு நாள் டீ நேரத்தில், நாங்கள் வடையும் கையுமாக நிற்கும்போது, மேடம் எங்கள் நடுவில் வந்து நின்றார். கூடவே கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த விளம்பரக்காரர் ஒருவர்.

"ஏனுங்க, எல்லாரும் ரெண்டு நிமிசம் கேளுங்க. ஆன்லைன்ல அம்மாக்களெல்லாம் பேசிக்கற குரூப்பு ஒண்ணு இருக்குதுங்க. கொழந்தைக்கு எது வாங்கறதுன்னாலும் அங்க கேட்டுட்டுத்தான் வாங்குவாங்களாமா. நீங்க எல்லாரும் அதுல சேர்ந்து, நம்ம டிரஸ்ஸ வாங்கிப் போட்டுப் பார்த்த மாதிரி ரெண்டு வரி நல்லதா எழுதுங்க. சம்பளத்தோட சேர்த்து உங்களுக்கு ஏதாவது குடுத்தர்றனுங்க."

விளம்பரக்காரர் சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் எல்லாப் பிராண்டும் பண்றதுதான், பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். எனக்கு அதுவரை அப்படி ஒரு பயமே வந்திருக்கவில்லை, அவர் சொன்ன பிறகுதான் வந்தது.

அன்று சாயங்கால டீயிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். "ஆறு மாசமா என் பாப்பாவுக்கு இதுதான் போடறேன், எத்தனை தடவை துவைச்சும் சாயம் போகலை" என்று ஒரு தையல்காரப் பெண் எழுதியிருந்தாள். அந்த ரோம்பரில் முதலில் தைத்து முடிந்த கட்டு, அதாவது முதல் லாட், அப்போது என் மேசையில்தான் கிடந்தது. இன்னும் அயர்னிங்குக்குக்கூடப் போகவில்லை. கல்யாணமே ஆகாத அயர்னிங் பையன்கள் மூன்று பேர் ஆளுக்கொரு குழந்தை பெற்றிருந்தார்கள். ஒடிசாக்காரர் ஒருவர் இந்தியிலிருந்து தமிழுக்குப் போனிலேயே மாற்றி, "என் குழந்தை இந்த ஆடையால் மிகவும் மகிழ்ச்சி அடைந்துள்ளது" என்று போட்டிருந்தார்.

என் செக்கிங் பெண்கள் எழுதியதைப் படித்தால் சிரிப்பு வரும். "பிசிறு இல்லை, அளவு சரியாக இருக்கு, கழுத்து ரிப் சுருக்கம் இல்லை, ரெண்டு கையும் ஒரே நீளம்" என்று எழுதியிருந்தார்கள். எந்தத் தாய் பிள்ளைக்குச் சட்டை போட்டுவிட்டு ரெண்டு கையும் ஒரே நீளமா என்று பார்ப்பாள்? ஆனால் எங்களுக்கு நல்ல உடுப்பு என்றால் அப்படித்தான் சொல்ல வரும். வேறு மாதிரிப் பாராட்டி எங்களுக்குப் பழக்கம் இல்லை.

நான் எழுதவில்லை. பெரிய நேர்மைக்காரி என்பதால் அல்ல, பயத்தில். சார்ஜ் இல்லை, நெட் தீர்ந்துபோச்சு, கடவுச்சொல் மறந்துபோச்சு என்று ஒவ்வொரு டீக்கும் ஒரு சாக்கு வைத்திருந்தேன். வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே போனில் தேடிப் பார்த்தேன். விற்கிறவரே வாங்கினவர் வேஷம் போட்டு எழுதக் கூடாது என்று விதி இருந்தது. கம்பெனியோடு சம்பந்தம் இருந்தால், காசு வாங்கியிருந்தால், அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் பாராட்ட வேண்டுமாம். அபராதம் என்றும் போட்டிருந்தது. அது கம்பெனிக்கு மட்டுமா, எழுதின பெண்களுக்குமா என்று எவ்வளவு படித்தும் எனக்கு விளங்கவில்லை. போலீஸ் ஜீப் யூனிட் வாசலில் வந்து நிற்பதாகவும், ட்ரேயோடு எல்லாப் போனையும் அள்ளிக்கொண்டு போவதாகவும் கற்பனை செய்துகொண்டு வெண்டைக்காயைப் பொடிப்பொடியாக நறுக்கிவிட்டேன்.

எல்லோரையும்விட நன்றாக எழுதியது பட்டன் அக்கா. பிரஸ் பட்டன் மிஷின் அவருடையது, அதனால் அந்தப் பெயர். மூலனூர்க்காரர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி எத்தனையோ வருடமாகியும் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவரும் பேச மாட்டார், நாங்களும் கேட்க மாட்டோம். அவர் குழுவில் ஒரு பெண் குழந்தையை உண்டாக்கிவிட்டார். பாப்பா தவழ்கிறாள், பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது, முருங்கைக்கீரை சூப் கொடுத்தால் துப்புகிறாள், வேர்க்குருவுக்கு இந்த உடுப்புத்தான் ஒத்துக்கொள்கிறது என்று தினமும் ஒரு பத்தி. மேடம் கேட்டது இரண்டு வரிதான். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறபோது நான் எட்டிப் பார்ப்பேன். முகமெல்லாம் மலர்ந்து, ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பாராட்டுகளுக்குத்தான் குழுவில் நிறைய இதயங்கள் விழுந்தன. எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

இதற்கு நடுவில்தான் இரண்டாவது லாட் என் மேசைக்கு வந்தது.

பனியன் துணி மெல்லியது. அதன்மேல் பட்டனை அப்படியே அடித்தால் நிற்காது. உள்ளே இன்னொரு துணிப் பட்டை வைத்துத் தைத்து, இரண்டையும் சேர்த்துத்தான் அடிக்க வேண்டும். அந்த லாட்டில் பட்டையை நீளம் குறைவாக வெட்டிவிட்டார்கள். இடது தொடைப் பக்கத்துக் கடைசிப் பட்டனுக்குக் கீழே பட்டை எட்டவில்லை, வெறும் ஒற்றைத் துணி. விரலால் பிடித்து இழுத்தேன், வந்துவிட்டது. எல்லா உடுப்பிலும் இல்லை, சிலதில் மட்டும். கண்ணால் பார்த்தால் தெரியாது, தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

மேடத்திடம் ஓடினேன். அவர் காதில் போன். இரண்டு கூரியர் வண்டிகள் வாசலில் நின்றன.

"மேடம், ஓரப் பட்டன் நிக்க மாட்டேங்குதுங்க. கொழந்த வாயில போட்டா ஆபத்துங்க."

"இன்னொரு தடவை பிரஸ் பண்ணச் சொல்லீருங்க, சரியாப் போயிரும். இன்னைக்கு அனுப்பியே ஆகோணுங்க."

இன்னொரு தடவை அடித்தால் பட்டன் நசுங்குமே தவிர, இல்லாத துணி உள்ளே முளைக்காது. அதையும் சொன்னேன். அவர் போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டினார். கேட்டு ஆட்டினாரா, போனுக்கு ஆட்டினாரா என்று தெரியாது. பட்டன்களை மறுபடி ஒரு தடவை அடித்ததும் வண்டிகள் கிளம்பிவிட்டன. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், சரி, என்னால் முடிந்ததைச் சொல்லிவிட்டேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேறின மாதிரி இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, மீனைக் கழுவ வைத்துவிட்டு, குழுவைத் திறந்தேன். எழுதாவிட்டாலும் பார்க்காமல் இருக்க முடியாத நிலைக்கு வந்திருந்தேன். யாரோ ஒரு தாய் கேட்டிருந்தாள். "இந்த ரோம்பரை என் நாத்தனார் பரிசாகக் கொடுத்தார்கள். பையனுக்குப் பல் முளைக்கிற நேரம், காலைத் தூக்கி எல்லாவற்றையும் கடிக்கிறான். பட்டன் கழன்று வருமா? போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்."

அதற்கு முதல் பதில் பட்டன் அக்காவுடையது. "பயப்படாதீங்க கண்ணு. எங்க பாப்பாவும் அதையேதான் கடிச்சு இழுக்கறா, பட்டன் அசையறதே இல்லீங்க."

அக்கா பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் அடித்த பட்டன் மேல் அவருக்கு நம்பிக்கை. பட்டை குட்டையாக வெட்டப்பட்டது அவருக்குத் தெரியாது. மறுபடி அடிக்கச் சொன்னார்கள், அடித்தார், அவ்வளவுதான். ஆனால் தெரிந்த நான் மீன் வாடை அடிக்கிற கையோடு சும்மா நின்றுகொண்டிருக்கிறேன். குழுவில் எல்லோர் முன்னாலும் எழுதினால் வேலை போகும். அதைவிட மோசம், கம்பெனியைப் போட்டுக் கொடுத்தவள் என்று பெயர் வந்துவிட்டால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த யூனிட்டிலும் உள்ளே விட மாட்டார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "நம்ம மவா அந்த வயசுல செருப்பைக் கூடக் கடிச்சா, ஞாபகம் இருக்கா?" என்றார். இருந்தது.

அந்தப் பெண்ணுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். பட்டன் வரலாம், தயவுசெய்து போடாதீர்கள் என்று. உடனே பதில் வந்தது.

"நீங்க எந்தக் கம்பெனி? இவங்களைக் கெடுக்க உங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

நான் எதிர்பார்த்த பதில் எத்தனையோ, இது இல்லை. அடுத்தடுத்து அவள் எழுதினாள். இந்தக் குழுவில் யாரையும் நம்ப முடியவில்லை, காலையில் ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம், கரெக்டாக அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் பாராட்டு மழை பெய்கிறது, அது என்ன எல்லாத் தாய்க்கும் ஒரே நேரத்தில்தான் பிள்ளை தூங்குகிறதா, இப்போது திட்டுவதற்கும் ஆள் வந்துவிட்டது, என்று. எங்கள் டீ நேரத்தை அவள் எங்கேயோ இருந்துகொண்டு கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. உண்மையைச் சொல்ல வந்தவளையே விலை கேட்கிறாளே என்று கோபம். அப்படிக் கேட்க வைத்தது யார் என்று யோசித்தபோது கோபம் போய்விட்டது, பயம் மட்டும் மிச்சம் இருந்தது. அவள் என்னைப் பிளாக் செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

என்னை நம்ப வேண்டாம் என்று எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே மொழியில், மேசைக்குப் புதிதாக வரும் பெண்ணுக்குச் சொல்லித் தருவதுபோல் சொன்னேன். உடுப்பை உள்பக்கம் திருப்புங்கள். இடது தொடைப் பக்கத்துக் கடைசிப் பட்டனை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தடவுங்கள். மற்றப் பட்டன்களுக்குக் கீழே துணி தடிப்பாக இருக்கும். அங்கே மெல்லிசாக இருந்தால், நகத்தைக் கொடுத்து இழுங்கள். வரவில்லை என்றால் என்னைத் திட்டிவிட்டுப் பிள்ளைக்குப் போடுங்கள்.

பதில் இல்லை. மீனைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். புளி கரைத்தேன். போன் சத்தம் கேட்டதும் ஈரக் கையோடு எடுத்தேன். ஒரு படம் வந்திருந்தது. உள்ளங்கையில் ஒரு பட்டன், பக்கத்தில் பொத்தலான துணி. கீழே ஒரே வரி. "இவ்வளவு நேரம் அவன் வாயில் இதுதான் இருந்தது அக்கா."

மறுநாள் காலையில் அந்தப் படம் குழுவில் இருந்தது. எப்படித் தடவிப் பார்ப்பது என்று நான் சொல்லித் தந்ததும் அப்படியே கீழே இருந்தது. நான் போனை ட்ரேயில் போடுவதற்குள் மேடம் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு ரோம்பர் விரித்திருந்தது.

"அந்தப் புள்ளைக்கிட்டச் சொன்னது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னனுங்க. கூரியர் வண்டி நின்னுட்டு இருக்கும்போது சொன்னனுங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வந்தது முகத்தில் தெரிந்தது. பட்டனைத் தடவினார், நகத்தைக் கொடுத்து இழுத்தார், கையோடு வந்துவிட்டது. அதைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"எங்க ஊட்டுலயும் பேரன் இதத்தானுங்க போட்டிருக்கறான்" என்றார். உடனே மகளுக்குப் போன் போட்டு, அதைக் கழற்றச் சொன்னார். அதன் பிறகுதான் என்னை உட்காரச் சொன்னார்.

அன்று தையல் லைன் ஓடவில்லை. ஆன்லைனில் வாங்கியவர்களின் நம்பர் எல்லாம் இருந்தது. செக்கிங் பெண்கள் எல்லோருக்கும் போனைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொன்னார். பலர் பொறுமையாகக் கேட்டார்கள், சிலர் ஏதோ மோசடிக்காரர்கள் என்று நினைத்துத் துண்டித்தார்கள், அவர்களை மறுபடி மறுபடி கூப்பிட்டோம். சிக்கல் என்னவென்றால், குழந்தை உடுப்பைப் பாதிப் பேர் பரிசு கொடுக்கத்தான் வாங்குகிறார்கள். யாருக்குக் கொடுத்தோம் என்பதே சிலருக்கு நினைவில்லை. அந்த வீடுகளுக்குப் போக எங்களிடம் இருந்த ஒரே வழி அந்தக் குழுதான்.

மேடம் கம்பெனி பெயரிலேயே எழுதினார். தப்பு எங்களுடையது, உடனே கழற்றிவிடுங்கள், பணம் திருப்பித் தருகிறோம் என்று. விளம்பரக்காரர் போனில் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தார். மேடம் கேட்கவில்லை. ஆனால் கீழே வந்த பதில்களைப் பார்த்தால் பலர் அதை நம்பவே இல்லை. "புது மாதிரி விளம்பரமா இருக்கே." "பேர் பரவணும்னு இப்படியும் பண்றாங்க." "படத்துல இருக்கறது போட்டிக் கம்பெனி வேலை." இன்னொரு தாய் எழுதியிருந்தாள். "அந்த மூலனூர் அக்கா பாப்பா கடிச்சு இழுத்தே வரலைன்னு சொல்லியிருக்காங்க. நான் அவங்களைத்தான் நம்புவேன். என் பொண்ணு இப்பக்கூட அதைத்தான் போட்டிருக்கா."

அதை நான் சத்தமாகப் படித்துவிட்டேன். படிக்காமல் இருந்திருக்கலாம். பட்டன் அக்கா நின்றுபோன மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. பாப்பாவே இல்லை என்பதைச் சொல் என்று ஒரு மனுஷியிடம் யார் சொல்வது? எந்த ஊரிலோ ஒரு குழந்தை காலைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டிருக்கிறது.

அக்கா எழுந்துபோய் ட்ரேயிலிருந்து தன் போனை எடுத்து வந்தார். ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"கண்ணு, சரியா இருக்குதான்னு பாருங்க."

வாங்கிப் படித்தேன். "நான் சொன்ன பாப்பா பொய்யுங்க. எனக்குக் கொழந்தை இல்லீங்க. கல்யாணமாயி இருவத்தாறு வருசமாச்சுங்க, பொறக்கல. நான் அந்தக் கம்பெனில பட்டன் அடிக்கறவ. எழுதுனா சம்பளத்தோட சேர்த்துத் தர்றன்னாங்க, எழுதுனேன். பட்டன் வருதுங்க. இப்பவே இழுத்துப் பாருங்க சாமி."

அதில் திருத்த எனக்கு எதுவும் இல்லை. சரியாக இருக்கிறது என்று தலையாட்டினேன். அவரே அழுத்தினார். கொண்டுபோய் ட்ரேயில் போட்டுவிட்டு வந்து, மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார். நாங்கள் மற்ற நம்பர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் அந்த ஒரு போன் மட்டும் ட்ரேயில் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அவர் கை ஒரு கணம் நின்று, பிறகு துடைத்தது.

சாயங்கால டீ பெல் அடித்ததும் போனை எடுத்து, திறக்காமல் என்னிடம் கொடுத்தார்.

"நீங்களே படிங்க. எனக்குப் பயமா இருக்குது."

படித்தேன். இழுத்துப் பார்த்தேன், வரவில்லை, இருந்தாலும் எடுத்து வைத்துவிட்டேன் என்று பலர். வந்துவிட்டது என்று சிலர். அவரைத்தான் நம்புவேன் என்ற பெண், வந்துவிட்டது என்று மட்டும் எழுதியிருந்தாள். நடுவில் கேவலமான திட்டுகளும் இருந்தன, இப்போது இதை எழுத எவ்வளவு வாங்கினாய் என்ற கேள்வியும் இருந்தது. அதையெல்லாம் தாண்டிவிட்டு, இழுத்துப் பார்த்தவர்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பாப்பாவப் பத்தி யாராச்சும் கேட்டாங்களா?" என்றார் கடைசியில்.

மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை பார்த்தேன். யாரும் கேட்டிருக்கவில்லை.

"கேட்டாங்கக்கா. பல்லு வந்திருச்சான்னு கேட்டாங்க" என்றேன்.